36 வயசில் ஆட்டிசம் பரிசோதனை: அம்மாவை எப்படிப் பேச வைக்கிறது?

பாசிக்கரை:
மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுறேன். மகனுக்கு ஆட்டிசமான்னு பார்க்க டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குள்ள "நானும்தானே"ன்னு ஓடுச்சு. ஐஸ் நொறுக்குற மெஷின் ஓடுனா காதில் பஞ்சு வச்சுக்குவேன். வழியில் யாரும் நலம் விசாரிச்சா என்ன சொல்லணும்னு முதல் நாளே பேசிப் பார்த்துக்குவேன். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தா மறுநாள் படுக்கைதான். முன்னாடி ஒரு டாக்டர், "குடும்பம் நடத்துறீங்க, கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, வெறும் பதற்றம்"னு மாத்திரை எழுதிட்டார். நான் பார்த்தது அவரோட புருவத்தை!

இப்ப மதுரையில் பெரியவங்களையும் பார்க்கிற ஒரு சைக்காலஜிஸ்ட், என் சின்ன வயசைப் பத்தி விசாரிக்கணும், அம்மாவைக் கூட்டிட்டு வாங்கங்கிறார். அம்மா, "வம்பு தும்புக்குப் போகாத புள்ள நீ, உனக்கென்ன குறை"ங்குது. என்ன செய்ய?

தொண்டிக்காரி:
எனக்கு 41ல உறுதியாச்சு. "நான் வித்தியாசமா இருந்தேனா"ன்னு மட்டும் கேட்காதீங்க, எந்த அம்மாவும் ஒத்துக்காது. எதைச் சாப்பிட மாட்டேன், எந்தத் துணிக்கு அழுவேன், யாரோட விளையாடுனேன்னு கேளுங்க. எங்கம்மா, "சோழியெல்லாம் அளவு பார்த்து அடுக்குவா, கலைச்சா அன்னைக்குச் சோறு கிடையாது"ன்னு பெருமையா சொல்லுச்சு. டாக்டர் அதைத்தான் எழுதிக்கிட்டாங்க.

கடலோடி:
இப்ப எல்லாருக்கும் இதே பேச்சு. நம்ம பாட்டிமாருக்கு ஏது ஆட்டிசம்?

பரமக்குடி சிறப்பாசிரியை:
1943ல லியோ கானர்ங்கிற மனநல டாக்டர் ஆட்டிசம் பத்தி எழுதுன கட்டுரையில் வர்ற 11 பிள்ளைகள்ல 8 பேர் பையன்கள். பையனை வச்சே பழகுன கண்ணுக்கு அமைதியான பொண்ணு தட்டுப்படாது. அறிகுறி சின்ன வயசிலேயே இருக்கணும், ஆனா பழகிக்கிட்ட நடிப்பில் பின்னாடி மறைஞ்சும் போகலாம்னு 2013ல வந்த டிஎஸ்எம்-5, அதாவது டாக்டருங்க மனநலப் பிரச்சினைகளைக் கண்டறியப் பார்க்கிற அமெரிக்கக் கையேடு, தெளிவா சொல்லுது. அதனாலதான் அம்மாவைக் கேட்கிறாங்க. அம்மா வரலைன்னா பெரியம்மா, பழைய டீச்சர், ரேங்க் கார்டில் எழுதுன குறிப்பு, எதுவும் உதவும். ஊனமுற்றோர் சான்றிதழ் வேற விஷயம், இப்ப அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

பாசிக்கரை:
@கடலோடி, எங்க அப்பாயி கருவாட்டுக் களத்தில் ஒத்தையா உட்கார்ந்து மீனை ரகம் பிரிச்சு வரிசை வைக்கும், ஒரு சனத்தோடயும் பேசாது. ஊரு அதுக்கு வச்ச பேரு ராங்கிக்காரி.

டீச்சர் அக்கா, நீங்க சொன்ன மாதிரி பெரியம்மாவைக் கேட்டுட்டேன், வருதாம். ஜிகர்தண்டா வாங்கித் தரணுமாம்.