பாத் நகரத்து வீட்டில் கல்லடைத்த ஜன்னல்: வரிக்காகவா, வேறு காரணமா?

கீழக்கரை உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். மகள் பிரசவத்துக்காக இங்கிலாந்தில் பாத் நகரத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்து வந்தேன். அவர்கள் குடியிருப்பது 18ஆம் நூற்றாண்டு வீடு. தேன் நிறக் கல், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர். தெருவில் நின்று பார்த்தால் மாடியில் ஒரு ஜன்னல் மட்டும் கல் வைத்து மூடியிருக்கிறது. "அந்தக் காலத்தில் ஜன்னலை எண்ணி வரி போட்டாங்க, அந்த ஜன்னல் வரிக்குப் பயந்து அடைச்சது மாமி" என்கிறார் மருமகன். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த இடத்தில் கல்வரிசை பக்கத்துச் சுவரோடு நூல் பிடித்த மாதிரி ஓடுகிறதே? மேலே போகப் போக ஜன்னல் குள்ளமாவது ஏன்? உம்மா வழியில் எனக்கு வந்த வீட்டை இந்த வருஷம் பழுதுபார்க்கப் போகிறேன், அதனால்தான் கண் இதிலேயே நிற்கிறது.

தொண்டிக்காரன், லண்டன்:
வ அலைக்கும் ஸலாம் ராத்தா. வரி நிஜம்தான். 1696இல் போட்டு 1851இல்தான் எடுத்தார்கள். ஆனால் உங்கள் கண் சரி. கல்வரிசை முறியாமல் ஓடினால் அது கட்டும்போதே வைத்த பொய் ஜன்னல். உள்ளே புகைபோக்கி ஏறும், அல்லது குறுக்குச் சுவர் வரும். ஜன்னல் வைக்க முடியாது, முகப்போ ஒரே சீராக இருக்க வேண்டும். பின்னால் அடைத்ததென்றால் ஓரத்தில் சுற்றி ஒட்டு தெரியும்.

முகப்புதான் அவர்களுக்கு உயிர். அதே ஊரில் ராயல் கிரசென்ட் பார்த்திருப்பீர்கள். 1767இல் கட்டடக் கலைஞர் ஜான் வுட்டின் மகன் தொடங்கியது, பிறை வடிவில் 30 வீடு. முன்பக்கம் அவர் வரைந்தபடி. பின்பக்கம் வாங்கியவர் இஷ்டம், ஒன்று போல ஒன்று இருக்காது.

ஜன்னல் உயரம் அந்தஸ்துக் கணக்கு. முதல் மாடி விருந்தாளி கூடம், அதனால் அங்கே நெடிய ஜன்னல். உச்சியில் வேலைக்காரர்கள். சமையல் தெருமட்டத்துக்குக் கீழே.

பாம்பன் மேஸ்திரி:
அக்கா, உங்கள் வீடு முருகைக்கல் (கடல் பவளக்கல்) சுவரா? அப்படியென்றால் சிமெண்ட் பூச விடாதீர்கள். உப்புக்காற்றில் சுவர் ஈரம் குடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உப்பு உள்ளேயே பூத்துக் கல்லைப் பொடியாக்கும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பை அரைத்துப் பூசச் சொல்லுங்கள். கூலி கூடும், பரவாயில்லை.

தொண்டிக்காரன், லண்டன்:
மேஸ்திரி சொல்வது பாத் கல்லுக்கும் பொருந்தும். அதுவும் சுண்ணாம்புக்கல்தான். இடுக்கில் சிமெண்ட் வைத்த இடமெல்லாம் கல் முகம் ஏடு ஏடாக உதிரும்.

கீழக்கரை உம்மா:
மகளை வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். மாடி ஜன்னலில் ஒட்டே இல்லை. கொல்லைப்புறத்தில் இன்னொன்று இருக்கிறதாம்: கல் நிறம் வேறு, சுற்றி விரல்கனத்துக்குக் காரைக் கோடு. மருமகனுக்கு அதைக் காட்டிவிட்டாள்.

தம்பி மேஸ்திரி, எங்கள் கூடத்துச் சுவரில் போன வருஷம் ஒருவர் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். தட்டினால் டொப் டொப் என்கிறது, அடியில் வெள்ளையாகக் கொட்டுகிறது. முழுதும் கொத்தி எடுக்க எத்தனை நாள் ஆகும்?

பாம்பன் மேஸ்திரி:
கொத்த நாலு நாள். பூச அவசரப்படாதீர்கள் அக்கா, முதலில் சுவர் காயட்டும். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன்.