சேலம் வெயில்ல வீட்டுத் தோட்டம்: இப்பவே ஆரம்பிக்கலாமா, ஆடி வரைக்கும் காத்திருக்கணுமா?

வெள்ளக்கல்வீடு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க, இங்க இது என்னோட மொத கேள்வி. கருப்பூர் தாண்டி கொஞ்சம் உள்ள தள்ளி வீடு கட்டி தை மாசம்தான் குடி வந்தோம். பின்னாடி பத்துக்கு பதினஞ்சு அடி எடம் சும்மா கெடக்குது, மேல மொட்டமாடி முழுசா காலி, வீட்டுச் செலவுக்காவது காய் போட்டுக்கலாம்னு ஆச. ஆனா பின்னாடி மண்ணு மண்ணாவே இல்லைங்க, வெளுத்துப் போயி, கடப்பாரைய போட்டா டங்குன்னு கல்லுதான் இடிக்குது. மாசியில நர்சரியில தக்காளி நாத்தும் கத்தரி நாத்தும் வாங்கி வெச்சோம், தக்காளி தழதழன்னு வளந்து பூவும் கொத்துக் கொத்தா வந்துச்சு, சித்திரை பொறந்ததுல இருந்து பூவெல்லாம் காம்போட கொட்டுது, ஒரு பிஞ்சு நிக்கல. கத்தரியில கொழுந்து எல மட்டும் மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது, அடி எல நல்லாத்தான் இருக்குது. தண்ணி போர் தண்ணிதான், காலையில சாயங்காலம் ரெண்டு நேரமும் ஊத்தறேன். நர்சரிக்காரர்கிட்ட கேட்டா ஒரு டானிக் பாட்டில குடுத்தாரு, 380 ரூவா, ஒண்ணும் ஆகல. வீட்டுக்காரர் மாடியில வெச்சா தளம் ஒழுகும்ங்கறாரு, மாமியார் "இந்த வெயில்ல எவளாச்சும் செடி வெப்பாளா, ஆடி வரட்டும்"ங்கறாங்க. நெசமாவே ஆடி வரைக்கும் சும்மா இருக்கோணுமா? பட்ஜெட் மூவாயிரத்துக்குள்ள.

அம்மாபேட்டை மாடி:

கண்ணு, உங்க மாமியார் சொல்றது பாதி சரி. தக்காளி, மொளகா, அவரைக்கெல்லாம் ஆடிதான். ஆனா வெயில்ல வளர்ற காயே இல்லைன்னு யார் சொன்னது, வெண்டை, கொத்தவரை, தட்டப்பயிறு, பாகல், பீர்க்கன், பொடலை, கொடிப்பசலை எல்லாம் சூட்டுல கெத்தா நிக்கும்.

உங்க தக்காளிக்கு வியாதி எதுவும் இல்ல. பகல்ல 35 டிகிரிக்கு மேல போயி ராத்திரியும் 24க்கு கீழ எறங்கலைன்னா தக்காளி பூவுல மகரந்தம் வேல செய்யாது, பூ உதிரும், அவ்ளோதான். சித்திரை வைகாசியில நம்ம ஊர்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கும் மாடித் தளம் சுடுதே, அப்பறம் எங்க இருந்து பிஞ்சு நிக்கும். டானிக் அடிச்சு ராத்திரிய குளிர வைக்க முடியுமா சொல்லுங்க. செடிய புடுங்கிடாதீங்க, நுனிய கிள்ளி விட்டு கொஞ்சம் நெழல் காட்டி உசுரோட வெச்சிருங்க, ரெண்டு கோடை மழை பேஞ்சு சூடு தணிஞ்சா சிலது மறுபடி பூக்கும், பூக்கலைன்னா ஆனியில புது நாத்து விட்டுக்கலாம். தக்காளி கத்தரி மொளகாய்க்கு நாத்து வளர 25 நாள்ல இருந்து 35 நாள் ஆகும், அதனால ஆடியில நடணும்னா ஆனியிலயே வெத போட்டிருக்கணும், "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு ஆடி பொறந்த அப்பறம் வெத தேடிட்டு இருந்தா புரட்டாசி அடமழையில போயி மாட்டிக்குவீங்க.

இப்ப ஒடனே காசு செலவில்லாம ஏதாவது பாக்கணும்னா சிறுகீரை தூவுங்க, 25 நாள்ல புடுங்கிரலாம். அரைக்கீரைன்னா வெட்ட வெட்ட வந்துட்டே இருக்கும். கீரை வெதய மணலோட கலந்து தூவுங்க, இல்லாட்டி ஒரே எடத்துல குப்பையா மொளைக்கும், மேல லேசா மண்ணு தூவி பூவாளியிலதான் தண்ணி. எறும்பு வெதய இழுத்துட்டுப் போயிரும், சுத்தி கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு தூவிருங்க. பாலக் மட்டும் இப்ப வேண்டாம், சூட்டுக்கு குச்சியா நீண்டு பூ எடுத்துரும்.

குச்சிக்கெழங்கு காட்டான்:

வாழப்பாடி பக்கம் வெவசாயம்ங்க எனக்கு. மேல அக்கா தக்காளிக்கு சொன்னது கரெக்ட்டு, நான் கத்தரிக்கு வர்றேன்.

அம்மணி, உங்க வீடு இருக்கறதே வெள்ளக்கல் பூமியில. வெள்ளக்காரன் சாக் ஹில்ஸ்னு பேர் வெச்சானே, மேக்னசைட்டுங்கற வெள்ளக்கல்ல தோண்டற குன்னுங்க, அதோட அக்கம்பக்கம்தான் கருப்பூர். அந்தப் பக்கத்து மண்ணுல மெக்னீசியமும் சுண்ணாம்பும் ஜாஸ்தி, பிஎச், அதாவது மண்ணோட புளிப்பு-கார அளவு, 8க்கு மேல போயிரும், அப்ப மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் வேர் எடுக்க முடியாம கட்டிக்கும். அதுதான் கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை. அடி எல மஞ்சளானா தழைச்சத்து கம்மின்னு சொல்லலாம், கொழுந்துல ஆரம்பிச்சா இரும்புதான் மொத சந்தேகம். இதுல நீங்க ரெண்டு நேரமும் போர் தண்ணி வேற ஊத்தறீங்க, வேர்ல காத்து போகாம ஈரம் நிக்க நிக்க இது இன்னும் மோசமாகும். மண்ண ஒரு வெரக்கடை ஆழம் நோண்டிப் பாருங்க, ஈரமா இருந்தா அன்னிக்கு தண்ணி வேண்டாம்.

இப்போதைக்கு உரக்கடையில அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) வாங்குங்க, 380 ரூவாயெல்லாம் ஆகாது. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம், அதுல அரை எலுமிச்சம்பழம் புழிஞ்சு, வெயில் எறங்குன பொறவு எலை மேல ரெண்டு பக்கமும் நனையற மாதிரி அடிங்க. பத்து நாளுக்கு ஒருக்கா, ரெண்டு மூணு தடவ. புதுசா வர்ற எல பச்சையா வந்தா நோய் அதுதான்னு முடிவு பண்ணிக்கலாம், பழைய மஞ்ச எல முழுசா திரும்பாது. மண்ணுல கொட்டாதீங்க, உங்க மண்ணு அதையும் பூட்டிக்கும். அப்பறம் புது வீடுன்னீங்க, செவுத்துல டைல்ஸ்ல பட்டா துருக்கறை, லேசுல போகாது, வீட்டுக்காரர் மாடி வேண்டாம்னதுக்கு மேல இதுக்கும் சேத்து சண்ட வரும்.

சுண்ணாம்பு எவ்ளோ இருக்குன்னு தெரிய, காஞ்ச மண்ணு ஒரு கரண்டி எடுத்து வினிகர் ஊத்துங்க. புசுபுசுன்னு நுரைச்சா சுண்ணாம்பு நல்லா இருக்கு. சரியா தெரிஞ்சுக்கணும்னா சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துல மண் பரிசோதனைக்கு குடுங்க, நாலஞ்சு எடத்துல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு குழி வெட்டி பக்கத்து மண்ண சுரண்டி, ஒண்ணா கலந்து, நெழல்ல காய வெச்சு அரைக்கிலோ.

என் அபிப்ராயம், அந்த நெலத்தோட மல்லுக்கட்டாதீங்க. தரைமேல ஹாலோ பிளாக் கல்ல சுத்தி அடுக்கி, ஒரு அடி ஒசரத்துக்கு வெளிய இருந்து செம்மண்ணும் நல்லா மக்குன தொழுவுரமும் போட்டு பாத்தி கட்டிருங்க, காய் அதுல. மூலையில ஒரு முருங்கை மட்டும் தரையிலயே வைங்க, ரெண்டுக்கு ரெண்டு குழி, கல்ல பொறுக்கிட்டு உள்ள தொழுவுரம். பிகேஎம் 1ங்கற முருங்கை ரகம் வெதையில இருந்தே வரும், முருங்கை இந்த மாதிரி மண்ணுக்கு அஞ்சாது. செவுத்துக்கு ரொம்ப கிட்ட வேண்டாம், கம்பளிப்பூச்சி வந்தா வீட்டுக்குள்ள ஊரும். யாராச்சும் ஜவ்வரிசி ஆலை திப்பி (குச்சிக்கெழங்கு அரைச்ச சக்கை) சும்மா தர்றேன்னா பச்சையா கொண்டாந்து கொட்டிறாதீங்க, மக்கற வரைக்கும் அந்த நாத்தத்துக்கு அக்கம்பக்கத்துல யாரும் உங்ககிட்ட பேச மாட்டாங்க.

தறிவீட்டு தம்பி:

எல்லாரும் மண்ண பத்தியே பேசறீங்க, தண்ணிய யாரும் கேக்கல. டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவு, எவ்ளோ? 200, 300 ரூவாய்க்கு மீட்டர் ஆன்லைன்ல கெடைக்குது, இல்லைன்னா ஆர்ஓ சர்வீஸ் பண்றவர் வர்றப்ப பாக்கச் சொல்லுங்க. 1000க்கு மேல போச்சுன்னா பையில வெக்கற செடிக்கு சிரமம், தண்ணி ஆவியாகும் உப்பு அங்கயே தங்கும், பை ஓரத்துல வெள்ளையா படை படியும், எல நுனி கருகும், அத பாத்து வெயில்னு நெனச்சு நாம இன்னும் தண்ணி ஊத்துவோம். வாரம் ஒருநாள் அடி ஓட்டையில நல்லா வடியற அளவுக்கு ஊத்தி உப்ப கழுவி விடணும், கீழ தட்டு வெக்கக் கூடாது. மேட்டூர் தண்ணி வர்ற லைன் இருந்தா நாத்துக்கும் கீரைக்கும் அத குடுங்க. ஏசி தண்ணி சூப்பர், உப்பே இருக்காது. ஆர்ஓ வேஸ்ட் தண்ணிய மட்டும் தயவுசெஞ்சு செடிக்கு ஊத்தாதீங்க.

மேல ஏற்காடு:

மேல இருந்து ஒரு வார்த்த. சேலத்துல இருந்து இங்க வர்றவங்க வீட்டுக்கு வீடு பீன்சும் சௌசௌவும் கேரட்டும் காய்க்கறத பாத்துட்டு வெத கேட்டு வாங்கிட்டுப் போறாங்க, கீழ போயி வரலைன்னு போன் பண்றாங்க. சேலம் டவுன் 280 மீட்டர் ஒசரம், நாங்க இருக்கறது 1,500 மீட்டர் கிட்ட. எங்க சித்திரையே உங்க மார்கழி மாதிரி. மண்ணும் நேர் எதிர், உங்களுக்கு சுண்ணாம்பு ஜாஸ்தின்னா எங்களுக்கு புளிப்பு மண்ணு, நாங்க காசு குடுத்து சுண்ணாம்பு வாங்கிப் போடறோம். பீன்ஸ் வேற உப்புத்தண்ணிய சுத்தமா தாங்காது. ஆச விடலைன்னா கார்த்திகையில முள்ளங்கியும் பீட்ரூட்டும் போட்டுப் பாருங்க, சமவெளியிலயும் வரும்.

அம்மாபேட்டை அக்கா சொன்னதுல ஒண்ணே ஒண்ணு, அவரைக்கு ஆடியில போடலாம்னது சரி, ஆனா பந்தல் அவரையில நாட்டு ரகம்னா பகல் பொழுது கொறையற வரைக்கும் பூக்காது. ஆடியில போட்டு ஐப்பசி வரைக்கும் கொடி மட்டும் ஓடுதேன்னு வெட்டிறாதீங்க, மார்கழி தையிலதான் காய் கொட்டும். வருஷம் முழுக்க வேணும்னா குத்து அவரை.

வெள்ளக்கல்வீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வினிகர் ஊத்துனேன், சோடா ஒடச்ச மாதிரி பொங்குச்சு, மாமியாரே ஆச்சரியமா பாத்தாங்க. டிடிஎஸ் 1,400 காட்டுது. அப்ப பின்னாடி பாத்தி கட்டிக்கறோம், ஏசி தண்ணிக்கு பக்கெட் வெச்சாச்சு, கீரைக்கு ஆகற அளவு கெடைக்குது. மாடிக்கு என்ன பண்றது? ஒழுகுமா? பை எத்தன வெக்கலாம்?

அம்மாபேட்டை மாடி:

ஒழுகறது செடியால இல்ல கண்ணு, தண்ணி தேங்கறதால. பைய நேரா தளத்துல வெக்காம ரெண்டு செங்கல்லோ ஸ்டாண்டோ போட்டு மேல தூக்கி வெச்சா அடியில காத்து போகும், தளமும் காயும், சூடும் நேரா ஏறாது. 12க்கு 12 இஞ்ச் பை ஒண்ணு, தண்ணி ஊத்துனா 15 கிலோவுக்கு கொறையாம இருக்கும், அதனால நடுத் தளத்துல குமிக்காம கீழ செவுரு வர்ற ஓரமா வரிசையா வைங்க. மொதல்ல பத்து பை போதும், மூவாயிரத்துல அதுதான் முடியும். தோட்டக்கலைத் துறையில மானியத்துல மாடித்தோட்ட கிட் தர்றது உண்டு, பை, வெத, தேங்கா நார் கட்டி எல்லாம் சேந்து, ஸ்டாக் இருக்கான்னு உங்க வட்டாரத்து ஆபீஸ்ல கேட்டுட்டு அப்பறம் கடைக்குப் போங்க.

கலவைக்கு செம்மண்ணு ஒரு பங்கு, தேங்கா நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ தொழுவுரமோ ஒரு பங்கு, பைக்கு ரெண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கட்டிய ஊற வெச்சு மறுபடி ரெண்டு தண்ணி விட்டு அலசிட்டுத்தான் போடணும், அதுலயும் உப்பு இருக்கும், உங்க தண்ணிக்கு அது தாங்காது. கலந்து பத்து நாள் ஈரமா ஆற விட்டு அப்பறம் வெத. மேல காஞ்ச எலையோ கரும்புச் சோகையோ மூடாக்கு போடுங்க, பாதி தண்ணி மிச்சம். வெயில மறைக்க கட்டற பச்ச வலை 50 சதவீதம் நெழல் தர்றது போதும், 75 வாங்கிட்டா செடி வெளிச்சத்துக்கு ஏங்கி நெட்டையா போகும்.

குச்சிக்கெழங்கு காட்டான்:

வலைக்கு காசு செலவு பண்றதுக்கு மேக்குப் பக்கமா கம்பி கட்டி பீர்க்கனும் பொடலையும் ஏத்தி விடுங்க, மூணு மணி வெயில அதே மறைச்சுக்கும், அடியில கீரை. ஒரு விஷயம், பீர்க்கன், சொரை, பொடலை பூ சாயங்காலத்துக்கு மேலதான் விரியும், பாகலும் பூசணியும் காலையில. மாடிக்கு தேனீ வரலைன்னா பிஞ்சு மஞ்சளாகி விழும், அப்ப ஆண் பூவ பறிச்சு இதழ உரிச்சுட்டு பெண் பூவோட நடுவுல தடவி விடுங்க. பின்னாடி குட்டியா பிஞ்சோட இருந்தா பெண் பூ, வெறும் காம்பா இருந்தா ஆண். மொத ரெண்டு வாரம் ஆண் பூவா மட்டும் வரும், பயப்படாதீங்க.

வெண்டையில எல நரம்பு மஞ்சளா வலை பின்னுன மாதிரி வந்தா அது இரும்பு இல்ல, வெள்ளை ஈ பரப்பற தேமல், மருந்து கெடையாது, அந்தச் செடிய புடுங்கிப் போட்டுருங்க. செம்பருத்தி, பப்பாளி பக்கத்துல இருந்தா மாவுப்பூச்சி வரும், தண்ணிய பீச்சி அடிச்சாலே பாதி போயிரும், மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் காதி சோப்புத் தண்ணியில. கண்ட மருந்த அடிக்காதீங்க, 2010ல இந்தப் பப்பாளி மாவுப்பூச்சி எங்க குச்சிக்கெழங்கு (மரவள்ளி) காட்டையெல்லாம் அழிச்சப்ப அத அடக்குனது மருந்து இல்ல, வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து விட்ட ஒரு குட்டிக் குளவிதான். மருந்தடிச்சா அதுதான் மொதல்ல சாகும்.

வெள்ளக்கல்வீடு:

சரிங்கண்ணா. வெத எங்க வாங்கறது, ஹைப்ரிடா நாட்டு வெதயா?

தறிவீட்டு தம்பி:

ஹைப்ரிட் காய்க்கும், ஆனா அதுல வெத எடுத்து அடுத்த தடவ போட்டா அதே மாதிரி வராது, ஒவ்வொரு தடவையும் வாங்கணும். பீர்க்கன், பொடலை, வெண்டைக்கு நாட்டு வெதயே போதும்க்கா. பாக்கெட்டுல டெஸ்ட் பண்ண தேதி பாத்து வாங்குங்க. எங்க அம்மாகிட்ட நாட்டு பீர்க்கன் வெத இருக்கு, அஸ்தம்பட்டி உழவர் சந்தைப் பக்கம் ஞாயித்துக்கெழம காலையில வர்றதா இருந்தா தனி மெசேஜ் போடுங்க, எடுத்துட்டு வர்றேன்.