ஆச்சி வீட்டுக் குழு: செவலையைக் காணவில்லை

சித்தி: தீபாவளி ராத்திரி சரவெடிக்குப் பயந்து மதில் தாண்டி ஓடிய செவலை இன்னும் வரவில்லை. அம்மா இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரிய மாமா: கடுவன் பூனைதானே, ஊர் சுற்றிவிட்டு வரும். கவலைப்படாதே.

சித்தி: எங்கே சுற்றினாலும் மீன்காரர் வரும் நேரத்துக்கு மதில்மேல் ஏறி உட்கார்ந்துவிடும் அண்ணே. இன்று அவர் ஹாரன் அடித்தும் வரவில்லை. "எங்கம்மா நம்ம ஆளு?" என்று கேட்டுவிட்டு, அதற்கென்று எடுத்து வைத்த சாளைத் தலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போகிற தெருவிலெல்லாம் விசாரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நான்: சித்தி, அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள். அக்கம்பக்கத்துக் குழுக்களில் போடலாம்.

சித்தி: 📷 வலது காது நுனி கிழிந்திருக்கும். வால் நுனியில் மட்டும் வெள்ளை.

தம்பி: சித்தி, முதலில் பக்கத்திலேயே தேடுங்கள். காணாமல் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. கிடைத்தவற்றில் முக்கால்வாசி 500 மீட்டருக்குள்தான் இருந்திருக்கின்றன. பயந்த பூனை பழகின குரலுக்கும் பதில் கொடுக்காமல் பதுங்கியே கிடக்கும். அதனால் கூப்பிட்டுக்கொண்டே நடந்தால் மட்டும் போதாது, குனிந்து பார்க்க வேண்டும். தெரு அடங்கியதும் டார்ச் அடியுங்கள், கண் பளிச்சென்று தெரியும்.

பெரிய மாமா: மருமகனே, பக்கத்து வீடு தீபாவளியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. பின்னால் விறகுப் புரை வேறு. சாவி யாரிடம் இருக்கிறது?

சித்தி: எதிர்வீட்டு மதினியிடம் இருக்கும். கேட்கிறேன்.

தம்பி: உடனே கேளுங்கள். கதவு சாத்தும்போது உள்ளே மாட்டிக்கொள்வது உண்டு. ஆனால் இருந்தால் கையை விட்டு இழுக்காதீர்கள், பயத்தில் கடிக்கும். பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பெரியம்மா: சாகிற காலம் வந்தால் பூனை தானாக ஒதுங்கிவிடும் என்பார்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள். இங்கே ஒரு வீட்டில் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கேட்கட்டுமா?

தம்பி: பெரியம்மா, நோய் வந்தால்தான் அப்படி ஒதுங்கும். செவலை திடமாக இருந்த பூனை.

நான்: குட்டிப் பேச்சு இப்போது வேண்டாம் பெரியம்மா. தாத்தா போன பிறகு ஆச்சி நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது செவலையிடம்தான். செத்துப்போனது என்று தெரிந்தாலாவது அழுது ஆற்றிக்கொள்ளலாம். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபோது எதைச் சொல்லித் தேற்றுவது? பூனைதானே என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அழுதால் அழட்டும். சாப்பிடும் நேரத்துக்கு யாராவது பக்கத்தில் இருங்கள், போதும்.

பெரியம்மா: சரிம்மா. நான் சாயங்காலம் போன் போடுகிறேன்.

சித்தி: அம்மா சொல்லச் சொல்கிறாள்: "வேற குட்டி எனக்கு வேண்டாம்ட்டி. ராத்திரி பின்வாசலத் தொறந்தே வச்சிருக்கேன், யாரும் சாத்தாதீங்க." வெளியே வைக்கிற சோற்றை வேறொரு கறுப்புப் பூனை தின்றுவிட்டுப் போகிறது. அதையும் விரட்டக்கூடாதாம்.

பெரிய மாமா: ராத்திரி முழுக்கப் பின்வாசல் திறந்து கிடந்தால் திருட்டு பயம் இருக்கிறது. அம்மா சாத்தவும் விடமாட்டாள். சரி, செவலை விஷயம் தெரியும்வரை நான் வந்து அங்கே படுத்துக்கொள்கிறேன்.

சித்தி: வாங்க அண்ணே. சாவி கிடைத்துவிட்டது, மதினியும் கூட வருகிறாராம். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வந்துவிடுங்கள்.