மூன்று ‘கேப்’களுக்கு மூன்று சொற்கள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் எழுதும் சிறு எஞ்சின் பழுதுநீக்கக் கையேட்டில் ‘கேப்’ (gap) வரும் இடங்களிலெல்லாம் ‘இடைவெளி’ என்றே எழுதிவிடலாம் என்னும் பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. புல்வெட்டியிலும் மருந்து தெளிப்பானிலும் உள்ள பழைய மேக்னெட்டோ எஞ்சினில் (பேட்டரி இன்றிச் சுழலும் காந்தத்தால் பொறி உண்டாக்குவது) பட்டறைக்காரர் அச்சொல்லால் குறிப்பது மூன்று இடங்களை. அம்மூன்றிலும் நடப்பது முற்றிலும் வேறு வேறு.

எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே தீப்பொறி தாவியே ஆக வேண்டும். எஞ்சின் தண்டோடு சுழலும் சக்கரமான ஃபிளைவீலுக்கும், பொறிக்கான மின்சாரத்தைத் தரும் கம்பிச்சுருளான காயிலின் இரும்புக் கால்களுக்கும் நடுவே மின்சாரம் எதுவும் செல்வதில்லை. சக்கரத்தில் பதித்த காந்தத்தின் புலம் மட்டுமே கடக்கிறது. மின்சுற்றை மூடித் திறக்கும் தொடுமுனைகளான பாயிண்டிலோ பொறி தாவவே கூடாது. அது பிரியும் கணத்தில் காயிலின் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் அறுந்து, அதன் இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் பிறக்கிறது. பாயிண்டில் பொறி எழாமல் காப்பது கண்டென்சரின் (மின்தேக்கி) வேலை.

அளவுகளும் வேறு. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் பழைய எஞ்சின்கள் பலவற்றில் பிளக்குக்கு 0.76 மி.மீ., பாயிண்டுக்கு 0.5 மி.மீ., காயிலுக்கு 0.25 முதல் 0.36 மி.மீ. வரை வைக்க வேண்டும். ‘இடைவெளியை 0.76 ஆக்குக’ என்று மட்டும் படித்தவர் காயிலைத் தள்ளி வைத்துவிட்டால், கயிற்றை இழுக்கும் குறைந்த வேகத்தில் காந்தப்புலம் போதாமல் பொறி வராது. அவர் நல்ல காயிலைக் கெட்டதென்று எண்ணிப் புதிது வாங்கிவிடுவார்.

முதலாவதற்குப் ‘பொறியிடை’ சுருக்கமாக இருந்தாலும், பொறி என்றால் இயந்திரமும் ஆகும் என்பதால் ‘தீப்பொறி இடை’ என்பதே தெளிவு. இரண்டாவதற்கு முன்மொழியப்பட்ட ‘காற்றிடைவெளி’ எனக்கு ஒப்பவில்லை. காற்று மூன்றிலும்தான் இருக்கிறது. கடந்து செல்வதைக் கொண்டு பெயரிட்டால் ‘காந்த இடை’ ஆகும். இதைச் சேர்த்து எழுதினால் ‘காந்தவிடை’ என்றாகி, ‘விடை’ என்ற சொல் தனியே தெரிந்து படிப்பவரைக் குழப்பும் என்பதால் பிரித்தே எழுதலாம்.

மூன்றாவதற்கு ‘இடை’யே பொருந்தாது. பாயிண்ட் ஓடும்போது மூடித் திறக்கும் உறுப்பு. அது மிக அகலமாகத் திறந்திருக்கும் நிலையில்தான் அளக்கிறோம். அந்த அளவைக் கூட்டினால் முன்னதாகத் திறந்து பொறியும் முந்துகிறது, குறைத்தால் பிந்துகிறது. ஆகவே ‘தொடுமுனைத் திறப்பு’ என்னும் பெயர் நேரத்துக்கும் அளவுக்கும் உள்ள உறவையும் சேர்த்தே உணர்த்தும்.

கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: ‘சோதனைப் பிளக்கிலும் பொறி தெரியவில்லையெனில், நிறுத்தும் சுவிட்சின் கம்பியைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள், அப்போது பொறி வந்தால் பழுது அந்தக் கம்பியிலோ சுவிட்சிலோ இருக்கிறது. வராவிடில் காயில் கால்களின் துருவை உப்புத்தாளால் நீக்கிக் காந்த இடையைச் சரிசெய்யுங்கள்; அதன் பின்னும் பொறி இல்லையென்றால் மட்டும் ஃபிளைவீலைக் கழற்றித் தொடுமுனைத் திறப்பை அளவிடுங்கள்.’ இதில் ‘எந்த இடைவெளி?’ என்று கேட்க இடமில்லை. பிளக், காயில், கண்டென்சர் ஆகியவற்றை அப்படியே விடலாம். கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள்கள் அவை.

இன்னொன்று. பொறி நன்றாக வந்தும் எஞ்சின் உதைத்து நின்றால், ஃபிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் ‘கீ’ (key) என்ற சிறு உலோகத் துண்டு அறுந்திருக்கலாம். புல்வெட்டியின் கத்தி கல்லில் மோதும்போது இது நேர்வதுண்டு. கையேட்டுக்கான சொற்பட்டியலில் அது ‘சாவி’ என்றிருக்கிறது. சுவிட்சுச் சாவியோடு மயங்கும் என்பதால் அதற்குப் ‘பூட்டாணி’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். மாற்றுச் சொல் உடையவர்கள், எந்த வாக்கியத்தில் வரும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.