லாரிக்கு எதற்குக் காதி சோப்பு?

குழு: மேட்டுத்தோட்டம் வீடு
சனிக்கிழமை

மாமா, காலை 6.12
தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறேன். யூரியா விளக்கு நேற்றிரவு ஓசூரிலேயே எரிந்தது. ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். இப்போது வண்டி கிழட்டு மாடு மாதிரி இழுக்கிறது. நாசிக் வெங்காயம், முழு லோடு. மச்சான் எழுந்துவிட்டாரா?

அப்பா, 6.15
எழுந்துவிட்டேன் மாப்பிள்ளை. யூரியா டேங்கில் இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா?

மாமா, 6.16
முக்கால் டேங்க் இருக்கிறது. தும்கூரில்தான் ஒரு கேன் ஊற்றினேன். பிறகு பெங்களூரைக் கடக்கவே மூன்று மணி நேரம் ஊர்ந்தேன்.

அப்பா, 6.19
அப்படியானால் அளவில் குறை இல்லை. யூரியா தெளித்தும் புகை சுத்தமாகவில்லை என்று வண்டி கண்டுபிடித்திருக்கிறது. பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி முதலில் விளக்கைக் காட்டும். பிறகு இழுவையில் கால் பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் நாம் அசையாவிட்டால் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவிடாது. இனி இறக்கம்தானே, நிதானமாக இறங்கிச் சேலம் பட்டறைக்கு வந்துவிடுங்கள்.

அத்தை, 6.24
ஏதாவது சாப்பிட்டீர்களா? விளக்கு எரிந்ததை நேற்றே ஏன் சொல்லவில்லை?

மாமா, 6.25
சொன்னால் நீ தூங்கமாட்டாய்.

கௌதம் அண்ணா, 6.41
மாமா, பயப்பட வேண்டாம். இது யூரியா சரியாகத் தெளிக்காததால் வரும் கோளாறு. யூரியாவில் ஏதோ ஒரு மருந்தைக் கலந்தால் துளி பொடிப்பொடியாகத் தெறிக்கும், குழாயில் உப்புப் படியாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வெளிநாட்டில் கலந்தே விற்கிறார்களாம். அந்த மருந்து வேறொன்றும் இல்லை, சோப்பு மாதிரிப் பொருள்தான். ஒரு மூடி ஷாம்பு ஊற்றிப் பார்ப்போமா?

பெரியம்மா, 6.48
ஷாம்பு எதற்கு? என்னிடம் காதி சோப்பு இருக்கிறது. கத்தரிக்கு வேப்பெண்ணெய் அடிக்கும்போது சோப்பைக் கரைத்து ஊற்றாவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு சேராது, மருந்தும் இலையில் நிற்காது. சேம்பு இலையில் சொட்டு உருண்டு ஓடுவதைப் பார்த்ததில்லையா? சோப்பு சேர்த்தால் அப்படியே பரவி ஒட்டிக்கொள்ளும். லாரிக்கும் அதேதானே?

நான், 6.55
பெரியம்மா, நான்கு வருடமாக ஆய்வுக்கூடத்தில் நான் படிப்பதை நான்கு வரியில் சொல்லிவிட்டீர்கள். தத்துவம் அதேதான். ஆனால் தயவுசெய்து யாரும் எதையும் டேங்கில் ஊற்றாதீர்கள்! மாமா, கேட்கிறதா?

மாமா, 6.56
ஷாம்புக்கு நான் எங்கே போவேன்? குளித்தே மூன்று நாள் ஆகிறது.

நான், 7.10
கௌதம் அண்ணா பார்த்த வீடியோ முழுப் பொய் இல்லை. தண்ணீருக்குத் தன்னை உருட்டிக்கொள்ளும் குணம் உண்டு. அந்தப் பரப்பு இழுவிசை, எண்ணில் சொன்னால், தண்ணீருக்கு 72. யூரியாக் கரைசலுக்கும் 65க்குக் குறையாது. டீசலுக்கு அதில் பாதிகூட இல்லை. அதனால் டீசல் போல யூரியா எளிதில் உடைந்து தூளாவதில்லை. இழுவிசையைக் குறைக்கும் பொருளைத் துளியளவு சேர்த்தால் துளி சிறிதாகும். துளியின் விட்டம் பாதியானால் அது ஆவியாகும் நேரம் கால்வாசியாகிவிடும். புகைக்குழாயில் யூரியாவுக்குக் கிடைப்பது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை என்பதால் இந்தக் கணக்குக்குப் பெரிய மதிப்பு உண்டு.

நான், 7.14
அந்த நேரத்துக்குள் தண்ணீர் ஆவியாக வேண்டும், யூரியா பிரிந்து அம்மோனியாவாக வேண்டும். அந்த அம்மோனியாதான் வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது. ஆவியாகாத துளி குழாய்ச் சுவரில் மோதிப் படலமாகிறது. படலத்துக்குச் சூடு போதவில்லை என்றால் யூரியா பாதி வழியில் நின்று பையூரெட், சயனூரிக் அமிலம் என்று கல்லாகிவிடும். நீங்கள் பெங்களூரில் ஊர்ந்த மூன்று மணி நேரம் அதற்குத் தோதான நேரம். வண்டி நிற்கும்போது புகை ஆறிவிடுவதால் யூரியா பீய்ச்சப்படாது. 200 டிகிரியை ஒட்டி ஊர்ந்துகொண்டே போகும்போதுதான் தொல்லை.

கௌதம் அண்ணா, 7.16
அப்படியானால் நான் சொன்னது சரிதானே? சோப்பு போட்டால் என்ன?

நான், 7.29
சோப்பு என்பது சோடியம் உப்பு அண்ணா. ஐ.எஸ்.ஓ. 22241 என்ற தரத்தில் இந்தக் கரைசலுக்கு சோடியம் கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கால்சியம், பொட்டாசியம், இரும்பு எல்லாவற்றுக்கும் அதே வரம்புதான். 50 லிட்டர் டேங்க் என்றால் ஏறத்தாழ 54 கிலோ. பெரியம்மாவின் சோப்பில் ஒரு கிராம், அதாவது சுண்டுவிரல் நகமளவு சீவிப் போட்டாலே ஏறத்தாழ 70 மில்லிகிராம் சோடியம் சேரும். வரம்பைப் போல இரண்டரை மடங்கு! சோடியம் ஆவியாகிப் போகாது, வினையூக்கியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். நுரை வேறு பொங்கும். டேங்கில் இருக்கும் தர உணரி கரைசலுக்குள் ஒலி அனுப்பித்தான் அளக்கிறது. நுரைக் குமிழி வந்தால் அதற்குக் கண் தெரியாது.

பெரியம்மா, 7.31
அப்படியென்றால் வெளிநாட்டுக்காரன் எதைக் கலக்கிறான்?

நான், 7.40
உலோகமே இல்லாத சோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள் பெரியம்மா. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் உள்ளது. எரிந்தால் சாம்பல் மிஞ்சாது. அதைத் தொழிற்சாலையிலேயே துளியளவு கலந்து, கலந்த பிறகு ஒவ்வொரு உலோகமும் வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதித்துத்தான் விற்க வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கரைசலில் யூரியாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தரத்தின் அடிப்படை. ஆகவே வண்டிக் கம்பெனி ஒப்புக்கொள்கிறதா என்று கேட்காமல் அதையும் ஊற்றக்கூடாது. இன்னொன்று, இழுவிசை பாதியானதாலேயே துளி பாதியாகிவிடாது. பம்பின் அழுத்தமும் யூரியாவைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளையும்தான் பெரிய கை. கலவை சின்னக் கை.

நான், 7.43
துளியை உடைப்பதை விட்டுவிட்டு, கல்லாகும் வினையையே தடுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் சான் அன்டோனியோவில் இருக்கும் சவுத்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டில் டைட்டானியம் சேர்மத்தைக் கரைசலில் கலந்து ஆராய்ந்திருக்கிறார்கள். யூரியா உடையும்போது வரும் ஐசோசயனிக் அமிலம் கல்லாகச் சேர்வதற்குள் தண்ணீரோடு வினை புரிந்து அம்மோனியா ஆகிவிட வேண்டும் என்பது திட்டம். எனக்கு அந்த வழிதான் பிடித்திருக்கிறது. நம் பட்டறைக்கு அது வரும் நாள் தூரம்.

அத்தை, 7.45
காலை ஏழே முக்காலுக்கு வகுப்பா? பாப்பா, நீ சாப்பிட்டாயா?

அப்பா, 7.52
அதெல்லாம் இருக்கட்டும். மாப்பிள்ளை, அந்த யூரியா எங்கே வாங்கியது?

மாமா, 7.58
கௌதம் வாங்கிக் கொடுத்தான். பத்து கேன். பங்கில் போடுவதைவிட லிட்டருக்குப் பதினைந்து ரூபாய் குறைவு.

கௌதம் அண்ணா, 8.03
சித்தப்பா, நல்ல சரக்குதான். கேனில் எல்லாம் அச்சடித்திருந்தது. வைக்கோல் கொட்டகையில் இன்னும் ஆறு கேன் இருக்கிறது.

அப்பா, 8.06
தகரக் கொட்டகையிலா? எப்போது வாங்கினாய்?

கௌதம் அண்ணா, 8.07
மாசியில்.

அப்பா, 8.15
சித்திரை வெயிலையும் அங்கேயே பார்த்திருக்கிறது. 25 டிகிரியில் வைத்தால் பதினெட்டு மாதம் தாங்கும், 35 டிகிரியில் வைத்தால் ஆறு மாதம்தான். தகரத்துக்கு அடியில் 35 டிகிரி என்பது மார்கழிக் கணக்கு. அங்கிருந்து எடுத்து நிழலில் வையுங்கள். யாராவது ஒரு கேனைத் திறந்து பாருங்கள்.

மாமா, பகல் 11.37
பட்டறை வந்துவிட்டேன். மச்சான் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

அப்பா, 12.20
(இரண்டு படங்கள்)
பாருங்கள். இன்ஜெக்டர் முனையைச் சுற்றி வெள்ளைப் பூ. இது காய்ந்த யூரியா, வெந்நீரில் ஊறப்போட்டதும் கரைந்துவிட்டது. இரண்டாவது படம் உள்ளே, யூரியாவைப் புகையோடு கலக்கும் தகட்டுக்குப் பின்னால் எடுத்தது. கட்டைவிரல் தடிமனுக்குச் சுண்ணாம்புக் கல் மாதிரி நிற்கிறது. ஸ்குரூடிரைவரால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்கிறது. வெந்நீருக்கு அசையவில்லை.

நான், 12.24
அதுதான் சயனூரிக் அமிலமும் அதன் சொந்தபந்தமும். முக்கால்வாசி தண்ணீரில் கரையாது அப்பா. பெயர்த்ததுபோக மிஞ்சியது 350 டிகிரிக்கு மேல்தான் போகும். வண்டியை நிறுத்தி வைத்து, புகைக்குழாயைச் சூடேற்றும் ரீஜெனரேஷன் ஓட்டுங்கள்.

அப்பா, 12.27
அதைத்தான் செய்யப் போகிறேன். ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. வெறும் ஊர்தலால் ஒரே இரவில் இவ்வளவு சேராது. ஃபில்டரில் பிசுபிசுப்பு இருக்கிறது. வழுக்குகிறது. நல்ல யூரியாவில் எண்ணெய் எப்படி வந்தது? கேனில் மிச்சம் இருந்ததை, யூரியா எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன், 32 காட்டுகிறது. அளவு சரியாகத்தான் இருக்கிறது.

கௌதம் அண்ணா, 12.29
பார்த்தீர்களா! நான் சொன்னேன் அல்லவா?

பெரியம்மா, 12.51
கொட்டகையில் ஒரு கேனைத் திறந்தேன். மேலே படலமாக ஏதோ மினுங்கியது. கையில் தொட்டு முகர்ந்தேன். கௌதம், நீ வாங்கியது லாரி யூரியாவே இல்லை. வேப்பெண்ணெய் வாசம் அடிக்கிறது. சொசைட்டியில் நான் வரிசையில் நின்று வாங்கும் மூட்டையின் அதே வாசம்.

மாமா, 12.52
என்ன!

அப்பா, 12.58
அக்கா சொல்வதுதான் சரி. யாரோ வயல் யூரியாவைத் தண்ணீரில் கரைத்துக் கேனில் அடைத்திருக்கிறார்கள். 2015 முதல் உர யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். மானிய மூட்டை தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுப்பதும் அதில் ஒரு நோக்கம். 45 கிலோ மூட்டை முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதைக் கரைத்தால் நூற்றிருபது லிட்டருக்குமேல் வரும். லாபம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா?

நான், 1.06
ரிஃப்ராக்டோமீட்டருக்கு யூரியா எவ்வளவு என்றுதான் தெரியும், எந்த யூரியா என்று தெரியாது. உர யூரியாவில் பையூரெட் ஒன்றரை சதவீதம் வரை இருக்கலாம். கரைசலில் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கல்லாகப் போகும் பொருளைக் கையோடு ஊற்றியிருக்கிறோம். கரைத்த தண்ணீர் நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் கால்சியத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கௌதம் அண்ணா, 1.20
மன்னித்துவிடுங்கள் மாமா. செலவு என்னுடையது. விற்ற ஆள் இப்போது போனை எடுக்கவில்லை.

மாமா, 1.23
விடு கௌதம். பதினைந்து ரூபாய் என்றதும் எனக்கும்தான் பல் தெரிந்தது. வெங்காயம் அழுகாமல் போய்ச் சேர்ந்தால் போதும்.

அப்பா, 1.31
டேங்கைக் காலி செய்து, கனிமம் நீக்கிய தண்ணீரில் இருமுறை அலசியாகிவிட்டது. ஃபில்டர் புதிது. ரீஜெனரேஷன் ஓடுகிறது, நாற்பது நிமிடம் ஆகும். வினையூக்கி தப்பியதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். கௌதம், ஒரு கேனை மூடி திறக்காமல் அப்படியே வை. வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது மாதிரி கேட்பார்கள்.

மாமா, மாலை 4.48
நாமக்கல் வந்துவிட்டேன். விளக்கு அணைந்திருக்கிறது. மேட்டிலும் மூன்றாவது கியரில் ஏறியது. இந்த முறை பங்கில் யூரியா போட்டு ரசீதும் வாங்கியிருக்கிறேன்.

அத்தை, 4.49
முதலில் வீட்டுக்கு வந்து குளியுங்கள்.

பெரியம்மா, 5.10
மூடி திறக்காத கேன் ஒன்று போக, மீதியைத் தென்னைக்கு ஊற்றலாமா பாப்பா? வேப்பெண்ணெயும் சேர்ந்தே இருக்கிறது.

நான், 5.16
ஒரு கேனில் ஏழு கிலோ யூரியா இருக்கும் பெரியம்மா. ஒரே மரத்தடியில் கொட்டினால் வேர் கருகிவிடும். நிறையத் தண்ணீர் சேர்த்து மரத்துக்குக் கொஞ்சமாக, தூரை விட்டுத் தள்ளிப் பாத்தியில் விடுங்கள்.

பெரியம்மா, 5.18
சரி. கௌதமைக் கேனைத் தூக்கிக்கொண்டு கிணற்று மேட்டுக்கு வரச் சொல். மரம் முப்பத்தெட்டு இருக்கிறது, வாளி அவன் கையில்தான்.