ஒன்றரை லட்சத்துக்கு விளக்கவுரையா, எழுதக் கற்றுத்தர ஆளா?

கோத்தகிரி லைப்ரரியன்
நீலகிரியில் ஒரு சின்ன வேதாகமக் கல்லூரியில் நூலகம் பார்த்துக்கொள்கிறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள், "நூலகத்துக்கு" என்று. கமிட்டியில் பாதிப் பேர் புது ஆங்கில வேதாகம விளக்கவுரை வரிசை ஒன்று வாங்கலாம் என்கிறார்கள். எனக்கு வேறு எண்ணம். வாரம் இரண்டு சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து, அசைன்மென்ட் எழுதும் பிள்ளைகளுக்கு வழி காட்ட ஒரு ஆளை ஒரு வருடத்துக்கு வைக்கலாம். போன வருடம் கடைசி ஆண்டு மாணவர் ஒருவர் "தற்கால அறிஞர் மத்தேயு ஹென்றி" என்று எழுதியிருந்தார். அந்தப் பழைய விளக்கவுரையாளர் இறந்தது 1714இல். இதற்கு எந்த அலமாரி மருந்து?

குந்தா போதகர்
சிஸ்டர், புத்தகம் முப்பது வருஷம் நிற்கும். ஆள் ஒரு வருஷத்தில் போய்விடுவார், பணமும் போய்விடும். அதைவிடப் பெரிய சங்கதி: "வழி காட்டுகிறேன்" என்று உட்காருகிறவர் மூன்றாவது வாரத்தில் தானே எழுதிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார். இரக்கம் அப்படித்தான் வேலை செய்யும். நான் முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் சபைகளில் ஊழியம் செய்தவன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஜெபக்கூட்டம் முடிந்து ஒருவர்கூட என்னிடம் அடிக்குறிப்பு கேட்டதில்லை.

ரெண்டாம் வருடம்
போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். அந்த ஆங்கில விளக்கவுரையைப் படிக்கவேண்டிய ஆள் நான் என்பதால் எழுதுகிறேன்.

கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். முதல் அசைன்மென்ட் பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில். என்ன செய்தேன் தெரியுமா? விளக்கவுரையைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று நான்கு வார்த்தைகளை அகராதி பார்த்து மாற்றினேன். ராத்திரி ரெண்டு மணி வரை. அது திருட்டு என்று எனக்குத் தெரியாது, உண்மையாகவே கஷ்டப்பட்டு உழைத்ததாகத்தான் நினைத்தேன். பள்ளியில் நோட்ஸில் இருப்பதை அப்படியே எழுதினால்தான் மார்க். இங்கே அதையே செய்தால் பூஜ்யம். நடுவில் விதி மாறியதை யாரும் சொல்லவில்லை.

எழுதத் தெரியாத நான்கு பேர் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்கினார்கள். போதகர் ஐயா பயப்படுகிற "எழுதிக்கொடுக்கிற ஆள்" ஏற்கெனவே இருக்கிறார், கல்லூரிக்கு வெளியே.

குந்தா போதகர்
தம்பி, நீ சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் அதைச் சொல்லித்தரவேண்டியது வாத்தியார்கள். அதற்குத் தனியாக ஒரு சம்பளமா?

செண்பகனூர் சாலை
கொடைக்கானல்காரன் நான். இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இந்தத் தம்பியின் பிரச்சினை எழுத்தா, ஆங்கிலமா? மதுரை அரசரடியில் 1969 முதல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே தமிழிலேயே இறையியல் படித்து எழுதுகிறார்கள். உங்கள் கல்லூரியும் தமிழில் எழுத விட்டால் பாதி நோய் தீர்ந்துவிடுமே. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாடு அச்சடித்து முந்நூறு வருடம் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு பிள்ளை யோவான் சுவிசேஷத்தைப் பற்றி எழுத ஆங்கில இலக்கணத்தோடு மல்லுக்கட்டவேண்டுமா?

கோத்தகிரி லைப்ரரியன்
தமிழில் எழுத விடவேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் அதனால் பாதி தீராது. எங்கள் அலமாரியில் பாடத்துக்கு உதவும் தமிழ்ப் புத்தகம் இரண்டு தட்டு, ஆங்கிலம் இருபது தட்டு. எழுதுவது தமிழாக இருந்தாலும் வாசிப்பது ஆங்கிலம்தான். ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கி, பெயர் போடாமல் வைத்தால் அதுவும் அடுத்தவர் சரக்குதான். சொல்லப்போனால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். வாசித்ததை மூடிவைத்துவிட்டுத் தன் வார்த்தையில் சொல்வது, அப்புறம் அது யாருடையது என்று குறிப்பது, இதை எந்த மொழியிலும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழக்கவேண்டும்.

குந்தா போதகர்
அடிக்குறிப்பே வெள்ளைக்காரன் பழக்கம். நம் பெரியவர்கள் அப்படியா எழுதினார்கள்?

கோத்தகிரி லைப்ரரியன்
தொல்காப்பியர் எத்தனை இடத்தில் "என்மனார் புலவர்", அதாவது புலவர்கள் இப்படிச் சொல்வார்கள், என்கிறார், ஐயா! தமக்கு முன்னால் சொன்னவர்கள் உண்டு என்று மரியாதையாகச் சொல்கிறார். ராஜாக்கள் புத்தகத்தில் பெரும்பாலான அரசர்களின் கதை முடியும்போது மீதி நாளாகமப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று வருகிறதே, அது என்ன?

குந்தா போதகர்
பக்க எண் போடவில்லை!

ரெண்டாம் வருடம்
😂

குன்னூர் பழைய விரிவுரையாளர்
இரண்டு பேரும் ஒன்றரை லட்சத்தை எதில் போடலாம் என்கிறீர்கள். முதலில் சும்மா கிடைப்பதைப் பாருங்கள். எபிரேயம், கிரேக்கம் வார்த்தை வார்த்தையாகப் பார்க்க கேம்பிரிட்ஜில் உள்ள டின்டேல் ஹவுஸ் என்ற வேதாகம ஆய்வு மையத்தின் ஸ்டெப் பைபிள் தளம் இலவசம். ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பல புத்தகங்களை இரவல் எடுக்கலாம். அடிக்குறிப்பை ஒழுங்குபடுத்த ஸோட்டெரோ என்ற மென்பொருள். நம் பிள்ளைகளைப் பயமுறுத்தும் "துராபியன்" அடிக்குறிப்பு முறையில் இருப்பது ஒரு அம்மாவின் பெயர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலராக இருந்தவர். 1937இல் மாணவர்களுக்காக ஒரு சிறு கையேடு போட்டார், அதிலிருந்து வளர்ந்ததுதான். அதாவது சிஸ்டர் கேட்கிற ஆள்தான் அவர்!

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விளக்கவுரைகளில் பெரும்பாலானவை காப்புரிமை காலாவதியானவை, அதனால்தான் இலவசம். பழைய ஏற்பாட்டின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் அடங்கிய சவக்கடல் சுருள்கள் கிடைக்கத் தொடங்கியது 1947இல். நூறு வருடத்துக்கு முந்தைய விளக்கவுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஹென்றியைப் பக்திக்குப் படிக்கலாம், நானும் படிக்கிறேன். ஆய்வுக்கு அவரோடு நிறுத்தக்கூடாது. இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. அது அழகாகக் கொடுக்கும் நூற்பட்டியலில் சில புத்தகங்கள் உலகத்திலேயே இருக்காது. தலைப்பைத் தேடிப் பார்க்காமல் எழுதாதே, தம்பி.

குந்தா போதகர்
எல்லாம் சரி. ஆடி மாசம் காற்றடித்தால் மஞ்சூரில் மூன்று நாள் கரண்ட் இருக்காது, டவரும் இருக்காது. ஜேஸ்டோரை மெழுகுவர்த்தி வைத்துப் படிக்க முடியுமா? புத்தகத்தைப் படிக்கலாம். பவுல் சிறையிலிருந்து மேலங்கியையும் புஸ்தகங்களையும்தானே கொண்டுவரச் சொன்னார்?

கோத்தகிரி லைப்ரரியன்
இது நியாயமான அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புத்தகத்தையும் இந்த மலை சும்மா விடுவதில்லை. போன மழையில் வடக்குச் சுவர் அலமாரி முழுக்கப் பூஞ்சை. ஒவ்வொன்றாக வெயிலில் விரித்துத் துடைத்தபோது பார்த்தேன், முப்பது வருடமாக இருக்கும் விளக்கவுரை வரிசையில் பதினோரு புத்தகத்தின் பக்கங்கள் ஓரம்கூட வெட்டப்படவில்லை. ஒருவரும் திறந்ததே இல்லை. நீங்கள் சொன்ன முப்பது வருடம் அவை நின்றன, ஐயா. நின்றுகொண்டே இருந்தன.

செண்பகனூர் சாலை
அப்பாடா.

குந்தா போதகர்
அந்தப் பதினொன்றில் ஒன்று நான் நன்கொடை கொடுத்ததாக இருக்கக்கூடாது.

சரி, நான் இன்னும் மாறவில்லை. ஆனால் ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொள்வதாக இருந்தால் யோசிக்கலாம். உட்காருகிறவர் பேனாவைத் தொடக்கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்: இது யார் சொன்னது, நீ என்ன நினைக்கிறாய், ஏன். இலக்கணத்தைக்கூட மாணவனே திருத்தட்டும். பணத்தில் ஒரு பங்கு நல்ல கிரேக்க அகராதிக்கும், அந்த வடக்குச் சுவருக்கும் போகவேண்டும்.

கோத்தகிரி லைப்ரரியன்
பேனா விதியை நானே எழுதி ஒட்டுகிறேன். சுவருக்குக் கல்லூரி தனியாகப் பணம் கொடுக்கட்டும், அதை இதில் கலக்காதீர்கள். அகராதி வாங்கலாம்.

குந்தா போதகர்
சுவரைச் சரிசெய்யாமல் அகராதி வாங்கி எங்கே வைப்பீர்கள்? அதைக் கமிட்டியில் கேட்கிறேன்.

ரெண்டாம் வருடம்
மேடம், ஒரு சின்ன விஷயம். ஆள் வருவது எப்போதோ. நூலகத்தை நாலரைக்கே பூட்டுகிறார்கள். எங்களுக்கு வகுப்பு முடிவதே நான்கு மணி, அப்புறம் தோட்ட வேலை. வியாழக்கிழமை மட்டுமாவது ஏழு மணி வரை திறந்து வைக்க முடியுமா?

கோத்தகிரி லைப்ரரியன்
சாவி என்னிடம்தான் இருக்கிறது. இந்த வியாழன் வா. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வா, ஹீட்டர் வேலை செய்யவில்லை.