செவ்வாய் பாராசூட்: காற்றுச் சுரங்கம் போதாதா, ராக்கெட் எதற்கு?

லாஸ்பேட்டை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். பாண்டிச்சேரியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். அடுத்த வாரம் செமினார், செவ்வாயில் இறங்கும் கலங்களின் பாராசூட் பற்றி. கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் இரண்டும் நாசா செவ்வாயில் இறக்கிய ஊர்திகள். கியூரியாசிட்டியின் பாராசூட்டைக் காற்றுச் சுரங்கத்தில் (விசிறியால் காற்றை வீசிச் சோதிக்கும் பெரிய கூடம்) விரித்துப் பார்த்ததோடு விட்டார்கள், பெர்சிவரன்ஸுக்கு மட்டும் ராக்கெட் விட்டு சோதித்திருக்கிறார்கள். வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அப்புறம் ஏன்? எங்கள் சாரிடம் கேட்டால் "காசு இருக்கு, செய்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உப்பனாறு:
காசு இருந்ததால் இல்லைம்மா, பயம் வந்ததால். செவ்வாயின் காற்று நம் தரைமட்டக் காற்றில் நூற்றில் ஒரு பங்கு அடர்த்திதான் இருக்கும், அதில் ஒலியைவிட வேகமாகப் போகும்போதே பாராசூட் விரிய வேண்டும். கியூரியாசிட்டியின் 16 மீட்டர் பாராசூட்டை நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் 24 மீட்டர் உயரம், 37 மீட்டர் அகலம் உள்ள சுரங்கத்தில் விரித்தார்கள். அங்கே காற்று கெட்டி, அதனால் குறைந்த வேகத்திலேயே தேவையான இழுவிசை வந்துவிடும், ஆனால் பாராசூட் நிதானமாகத்தான் விரியும். அந்த ஒரு நொடிக்குள் படாரென்று விரிவதை அங்கே பார்க்க முடியாது. அதற்கு 1972-ல் வைக்கிங் என்ற பழைய செவ்வாய்க் கலத்துக்காக பலூனில் மேலே கொண்டுபோய்ச் செய்த சோதனைகளையே பல வருஷம் நம்பியிருந்தார்கள்.

பிறகு செவ்வாய்க்கான பெரிய பாராசூட்டுகளைச் சோதிக்க நாசாவில் எல்டிஎஸ்டி என்று ஒரு திட்டம். ஹவாயில் பலூனில் ஏற்றி, அங்கிருந்து ராக்கெட்டால் 55 கிலோமீட்டர் உயரத்துக்குத் தள்ளி, 30 மீட்டர் பாராசூட்டை விரித்தார்கள். 2014, 2015 இரண்டு தடவையும் கிழிந்துபோனது. அதற்கு முன்னால் ராக்கெட் சறுக்குவண்டியில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்ததெல்லாம் தாங்கியிருந்தது, அதுதான் வயிற்றைக் கலக்கியது. வெறும் இழுவிசையைத் தாங்கினால் போதும் என்ற கணக்கு அங்கேயே அடிபட்டது.

அதனால்தான் பெர்சிவரன்ஸுக்கு ஆஸ்பயர் என்ற பாராசூட் சோதனைத் திட்டம். நாசாவின் வாலப்ஸ் ஏவுதளத்திலிருந்து மூன்று ஆய்வு ராக்கெட்டுகள். 2018 செப்டம்பரில் நடந்த கடைசி சோதனையில் 0.4 நொடியில் விரிந்து 30 டன்னுக்கு மேல் தாங்கியது, செவ்வாயில் எதிர்பார்த்ததைவிட 85 சதவீதம் அதிகம். உங்கள் சாரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ஓ.டி. தார்ப்பாய் கடை:
ராக்கெட் எனக்குத் தெரியாது, தையல் தெரியும். தானே புயல் அடித்த பிறகு கடலூர் முழுக்கக் கிழிந்த தார்ப்பாய்தான் கடைக்கு வந்தது. பாதிக்கு மேல் நடுத்துணி நன்றாக இருக்கும், தையல் ஓரத்திலும் கயிறு கட்டும் கண்ணிலும்தான் பிய்ந்திருக்கும். மெதுவாக இழுத்தால் பாரம் எல்லாக் கண்ணுக்கும் பிரிந்து போகும், திடீரென்று காற்று ஏறினால் ஏதோ ஒரு கண்தான் முழுசாக வாங்கும். உப்பனாறு சொல்வதும் அதுதானே? எனக்கு ஒரு சந்தேகம், அவ்வளவு துணியை எப்படி மடிக்கிறார்கள்?

உப்பனாறு:
அதேதான் அண்ணே. பெர்சிவரன்ஸுடையது 21.5 மீட்டர், அதை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி அழுத்தி மரக்கட்டை அடர்த்திக்குப் பையில் அடைத்தார்கள்.

வில்லியனூர் 605110:
அந்தப் பையை மறந்துவிடாதீர்கள், ஐரோப்பாவின் செவ்வாய்த் திட்டமான எக்ஸோமார்ஸ் மாட்டிக்கொண்டதே அங்கேதான். 2019-ல் சுவீடனின் கிருனாவில் 29 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பலூனில் போட்டார்கள். 35 மீட்டர் பாராசூட் பையை விட்டு வெளியே வரும்போதே உரசிக் கிழிந்தது, இத்தனைக்கும் அது ஒலிவேகத்துக்குக் கீழே விரிகிற பாராசூட். பையையும் மடிக்கும் முறையையும் மாற்றிய பிறகுதான் சரியாக வந்தது. செமினாரில் இதற்கு ஒரு ஸ்லைடு ஒதுக்குங்கள், கேள்வி கேட்கிறவர்கள் யாரும் இதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

லாஸ்பேட்டை மாணவி:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. நம் ஊரில் இந்த மாதிரி சோதனை ஏதாவது?

வில்லியனூர் 605110:
சந்திரயானில் தேடாதே, நிலவில் காற்றே கிடையாது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யானைப் பார். சண்டிகரில் தண்டவாள ராக்கெட் வண்டியில் சிறிய பாராசூட்டுகளைச் சோதித்தார்கள், 2025 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் சினூக் ஹெலிகாப்டரிலிருந்து 4.8 டன் மாதிரிக் கலத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய பாராசூட் மூன்று, இரண்டு விரிந்தாலே போதும். கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் இரண்டிலும் அந்த வசதி இல்லை, ஒன்றுதான்.